கிரேட் பேசினில் குடும்பத்தோடு முதல் கேம்பிங்: கூட்டமில்லாத காட்டுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் மேற்குப் பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் கோடை விடுமுறை என்றதும் யோசெமிட்டி, சயான், கிராண்ட் கேன்யன் என்றுதான் கிளம்புகின்றன. போன இடத்தில் பார்க்கிங்குக்கு அலைச்சல், ஷட்டில் பஸ்ஸுக்கு வரிசை. கேம்ப்கிரவுண்டில் இடம் பிடிப்பதோ தீபாவளிக்கு ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கிற கதைதான். நெவாடாவின் கிழக்கு ஓரத்தில், யூட்டா எல்லையை ஒட்டி, கிரேட் பேசின் என்றொரு தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. சயானுக்கு வருடத்துக்கு 40 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். இங்கே வருவது ஒன்றரை லட்சம் பேர் அளவில்தான். நுழைவுக் கட்டணமும் கிடையாது.

கூட்டம் இல்லாததற்குக் காரணம் தூரம். லாஸ் வேகஸிலிருந்து சுமார் 300 மைல், சால்ட் லேக் சிட்டியிலிருந்து சுமார் 230 மைல். பே ஏரியாவிலிருந்து என்றால் ஒரு முழு நாள் ஓட்ட வேண்டும். பூங்காவுக்குள் தங்கும் விடுதி எதுவும் இல்லை. வாசலில் இருக்கும் பேக்கர் மிகச் சின்ன ஊர். மறந்துவிட்டுப் போன பொருளை ஓடிப்போய் வாங்கி வர அங்கே வழியில்லை. அதனால் இந்த இடத்தில் கேம்பிங் நன்றாக அமைவதும் சொதப்புவதும் பெரும்பாலும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது.

கேம்பிங் என்றதும் புதியவர்கள் முதலில் கேட்பது மிருகங்களைப் பற்றித்தான். இங்கே பயப்பட வேண்டியவை வேறு இரண்டு: உயரம், குளிர். கீழே சொல்வதில் பாதி இந்த இரண்டையும் சமாளிப்பது பற்றித்தான் இருக்கும்.

எப்போது போவது

முதல் முறை போகிறவர்களுக்கு ஜூலை தொடங்கி செப்டம்பர் பாதி வரை சரியான காலம். ஜூனில் மேல்பகுதியில் பனி கிடக்கும். மலைமேல் போகும் சாலை சில வருடங்கள் தாமதமாகத்தான் முழுதாகத் திறக்கும். செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக மாறுவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், ராத்திரிக் குளிரும் கூடிவிடும். செப்டம்பர் முதல் திங்களை ஒட்டிய லேபர் டே வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டமில்லாத பூங்காவிலும் அன்றைக்குக் கூட்டம் வரும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் மழை வருவது சகஜம். ஏறுவது நடப்பதெல்லாம் காலையில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போது தினசரி காலண்டரைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாலைந்து நாட்கள் கிடைத்தால் நல்லது. இந்தப் பூங்காவை 2016-இல் சர்வதேச இருண்ட வானப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். நிலா இல்லாத இரவில்தான் அதன் அருமை தெரியும். பௌர்ணமியில் போனால் பாதி நட்சத்திரங்கள் அடிபட்டுப் போகும்.

இரண்டு இரவு தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். ஒரே இரவு என்றால் டென்ட் போடுவதும் பிரிப்பதுமே வேலையாகப் போய்விடும். முதல் முறையே நாலு இரவு என்றால் குழந்தைகள் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எந்தக் கேம்ப்கிரவுண்ட்

இணையத்தில் தேடினால் எல்லாரும் வீலர் பீக் கேம்ப்கிரவுண்டைத்தான் புகழ்ந்திருப்பார்கள். அழகான இடம்தான். ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே, தலைக்கு மேலே 13,063 அடி உயர வீலர் சிகரம் நிற்க, படம் எடுத்தால் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அது 9,886 அடி உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டாவே 8,650 அடிதான். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி ஒரே நாளில் அங்கே போய்ப் படுத்தால் பெரியவர்களுக்கே தலைவலி வரும். குழந்தை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாந்தி எடுக்கும். அப்புறம் இருட்டில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும்.

என் சிபாரிசு: கீழே தூங்குங்கள், பகலில் மேலே போய் வாருங்கள். கீழே இருப்பவை லோயர் லேமன் கிரீக், அப்பர் லேமன் கிரீக், பேக்கர் கிரீக், கிரே கிளிஃப்ஸ். எல்லாம் 7,200 அடியிலிருந்து 7,800 அடிக்குள். இதுவும் கிட்டத்தட்ட ஊட்டி உயரம். முதல் இரவுக்கு இதுவே போதும்.

இவற்றில் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு லோயர் லேமன் கிரீக் எனக்குப் பிடித்தது. சின்னது, பத்துப் பதினோரு இடங்கள்தான். லேமன் குகைக்கும் விசிட்டர் சென்டருக்கும் பக்கம். பக்கத்தில் ஓடை ஓடுகிறது. வருடம் முழுக்கத் திறந்திருக்கும். அப்பர் லேமன் இன்னும் கொஞ்சம் மேலே, நிழல் அதிகம். பேக்கர் கிரீக்குக்கும் கிரே கிளிஃப்ஸுக்கும் மண் சாலையில் போக வேண்டும். சாதாரணக் காரே போகும், மெதுவாகப் போனால் சரி. மற்றக் கேம்ப்கிரவுண்டுகளின் திறக்கும் தேதி பருவத்தைப் பொறுத்து மாறும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு செய்யும் முன் பூங்காவின் தளத்தில் அப்போதைய நிலவரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

24 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளை அப்பர் லேமனுக்கு மேலே விடமாட்டார்கள். உள்ளேயே படுத்துத் தூங்கும் ஆர்வி வண்டியை வாடகைக்கு எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாலு குடும்பம் சேர்ந்து போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு இடத்துக்கு இத்தனை பேர், இத்தனை வண்டி என்று கணக்கு இருக்கிறது. ஒரே இடத்தைப் பதிவு செய்துவிட்டுப் பதினைந்து பேர் போய் இறங்க முடியாது. தவிர, கூட்டம் பெரிதானால் அமைதியான இடத்துக்குப் போன பலனே இல்லாமல் போகும். இரண்டு குடும்பம் போதும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களையும் அழைத்துப் போகலாமா? இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதே பேச்சுத்தான். உடம்பு சரியாக இருந்தாலும் தரையில் படுத்து எழுவது மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். பேக்கரில் ஓர் அறை போட்டு அவர்களை அங்கே தங்கவைத்து, பகலில் கேம்ப்பில் வந்து உட்காரவைத்தால் எல்லாருக்கும் நிம்மதி. பூங்காவிலிருந்து ஊர் ஐந்து மைல்தான்.

வீட்டில் ஒரு ஒத்திகை

டென்ட்டை வாங்கி வந்து பெட்டியைப் பிரிக்காமலேயே காரில் வைக்காதீர்கள். கொல்லையில் புல்வெளி இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் அப்பார்ட்மென்ட் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, ஒரு தடவை முழுதாக நிறுத்திப் பாருங்கள். எந்தக் கம்பி எந்த ஓட்டைக்குள் போகிறது, மழைத் துணியின் எந்தப் பக்கம் வாசலுக்கு வரும் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். குழந்தைகளை அதிலேயே ஒரு ராத்திரி தூங்கவிடுங்கள். பாதிப் பழக்கம் அங்கேயே வந்துவிடும்.

நாலு பேருக்கு ஆறு பேர் டென்ட் வாங்குங்கள். உறையில் எழுதியிருக்கும் எண்ணிக்கை மத்தி மீனை டப்பாவில் அடுக்குகிற கணக்கு. கேம்பிங் பிடிக்குமா என்றே தெரியாதவர்கள் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. பெரிய கேம்பிங் கடைகள் சிலவற்றில் வாடகைக்குக் கிடைக்கும். அதைவிட, போய்வந்த நண்பர்களிடம் கேட்டால் கராஜில் தூங்கிக்கொண்டிருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள்.

குளிருக்கு என்ன செய்வது

பகலில் 80 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டி வெயில் அடிக்கும். சூரியன் இறங்கியதும் காற்றில் ஈரமில்லாத பாலைவனம் சட்டென்று வெப்பத்தை விட்டுவிடும். கோடையிலேயே விடியற்காலையில் 40-களுக்கு இறங்கலாம். செப்டம்பரில் இன்னும் கீழே. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இது ஏசி குளிர் போலத் தோன்றும். ஏசியை அணைக்கலாம், இதை அணைக்க முடியாது.

ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் ஒரு டிகிரி எண் இருக்கும். 40 என்று போட்டிருந்தால் 40 டிகிரியில் சுகமாகத் தூங்கலாம் என்று அர்த்தமில்லை. பல பைகளில் அது எப்படியோ தாங்கிவிடலாம் என்கிற எல்லை. அதற்குமேல் 10, 15 டிகிரி கூட்டிக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஆகவே 20 டிகிரி பை எடுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்கள் பையைக் கொடுத்தால் கால்பக்கம் காலியாகக் கிடக்கும். அந்தக் காற்றைச் சூடாக்கவே பிள்ளையின் உடம்பு உழைக்க வேண்டும். ஒரு ஜாக்கெட்டைச் சுருட்டி அந்தக் காலி இடத்தில் திணித்துவிடுங்கள்.

பையைவிட முக்கியம் கீழே விரிக்கும் பாய். குளிர் மேலிருந்து வருவதாக நினைக்கிறோம், ஆனால் உடம்புச் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும். விருந்தாளி வந்தால் ஊதிப் போடும் பெரிய ஏர் மெத்தை இங்கே உதவாது. உள்ளே இருக்கும் காற்று ராத்திரி முழுக்கக் குளிர்ந்துகொண்டே இருக்கும். பாய் வாங்கும்போது ஆர் வேல்யூ என்ற எண்ணைப் பாருங்கள், தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு அது. 4-க்கு மேல் இருந்தால் நல்லது. ஏர் மெத்தைதான் இருக்கிறது என்றால் அதன்மேல் தடிமனான ஃபோம் பாயும் கம்பளியும் விரித்துக்கொள்ளுங்கள்.

படுக்கப் போகும் முன் பகலில் போட்டிருந்த உடையை மாற்றிவிடுங்கள், உள்ளே போட்ட காலுறை உட்பட. வியர்வை ஊறிய பருத்தித் துணி குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெர்மல், ஃப்ளீஸ், கம்பளிக் குல்லா, புதுக் காலுறை. தலையில் குல்லா இல்லாமல் யாரும் படுக்கக் கூடாது. நன்றாக மூடும் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு காலுறைக்குள் போட்டு, குழந்தையின் கால்மாட்டில் பைக்குள் வையுங்கள். விடியும் வரை கதகதப்பு இருக்கும். படுக்கும் முன் ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய். வயிற்றில் ஏதாவது இருந்தால்தான் உடம்பு சூடு உண்டாக்கும்.

டென்ட்டை முழுக்க இறுக்கி மூடாதீர்கள். மூச்சுக் காற்றின் ஈரம் உட்பக்கத்தில் படிந்து காலையில் சொட்டும். மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். எவ்வளவு குளிரானாலும் அடுப்பையோ கரியையோ கேஸ் ஹீட்டரையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வைத்துக்கொள்கிறேன் என்ற சமரசமும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

சமையல்

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது: பிரஷர் குக்கர்.

7,500 அடியில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்காது, சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பக்கத்து டென்ட்டில் திறந்த பாத்திரத்தில் பீன்ஸ் வேகவைக்கிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கும் அகப்பையால் கிண்டிக்கொண்டு நிற்பார்கள். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று இருந்தால் சாதமும் பருப்பும் வீட்டில் ஆவது போலவே ஆகும், ஒன்றிரண்டு விசில் கூட விட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கேஸ்கெட்டை ஒரு தடவை சரிபார்த்து எடுத்துப் போங்கள். பத்து மணிக்கு மேல் அமைதி நேரம் என்பதால் விசிலையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அடுப்புக்கு இரண்டு பர்னர் புரோப்பேன் ஸ்டவ் சிறந்தது. இந்தியக் கடைகளில் கிடைக்கும் தட்டையான ஒற்றை அடுப்பில் பியூட்டேன் டப்பா போடுவோமே, அது குளிரில் மக்கர் பண்ணும். பியூட்டேன் உறைநிலையை நெருங்கும் குளிரில் வாயுவாக மாற மறுக்கும். காலைக் காபிக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் அடுப்பு அணைந்து அணைந்து எரிவதைவிடக் கொடுமை வேறில்லை. புரோப்பேனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

என்ன சமைப்பது என்பதில் ஆசையைக் குறையுங்கள். முதல் நாள் ராத்திரிக்கான சாம்பாரையோ குழம்பையோ வீட்டிலேயே வைத்து, பைகளில் ஊற்றி உறையவைத்துக் கூலருக்குள் போட்டால் அதுவே ஐஸ் கட்டியாகவும் வேலை செய்யும். சாதம் மட்டும் அங்கே வடித்தால் போதும். காலைக்கு வறுத்த ரவையைத் தாளித்துக் கலந்து டப்பாவில் எடுத்துப் போனால் கொதிநீர் ஊற்றியதும் உப்புமா. மதியத்துக்குப் புளிக்காய்ச்சல் அல்லது தயிர் சாதம், ஊறுகாய், சுட்ட அப்பளம். எண்ணெய் வைத்துப் பொரிப்பது மட்டும் வேண்டாம். காற்று அடிக்கும் இடத்தில் சுடு எண்ணெயும் ஓடும் குழந்தைகளும் சேரக் கூடாது. மிச்ச எண்ணெயைக் கொட்டவும் இடமில்லை.

குடிக்கும் பாட்டில்களுக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனிக் கூலர் வையுங்கள். ஜூஸுக்காகக் குழந்தைகள் நிமிடத்துக்கு ஒரு தடவை திறக்கும் கூலரில் கோழிக்கறி இருந்தால் மறுநாளைக்குத் தாங்காது. தண்ணீர் கோடையில் குழாயில் வரும். இருந்தாலும் ஒரு நாளைக்குத் தேவையானதைக் காரில் வைத்திருங்கள்.

பாத்திரத்தைக் குடிநீர்க் குழாயடியிலோ ஓடையிலோ தேய்க்காதீர்கள். முதலில் காகிதத்தால் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு வாளியில் கழுவுங்கள். சோற்றுப் பருக்கையை வடிகட்டிக் குப்பையில் போட்டபின், அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று அங்கிருக்கும் அறிவிப்பில் பாருங்கள். சாப்பிடாத நேரத்தில் சாப்பாட்டுச் சாமான், குப்பை, பற்பசை உட்பட வாசனை உள்ளதெல்லாம் காருக்குள் போக வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டை டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் எலியும் அணிலும் துணியைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். நெவாடாவின் காட்டு எலிகள் ஹான்டா வைரஸைப் பரப்பக்கூடியவை. அவற்றின் புழுக்கை கண்ணில் பட்டால் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள்.

போகும் வழி

லாஸ் வேகஸ் பக்கமிருந்து 93-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, ஈலி வழியாக வரலாம். சால்ட் லேக் பக்கமிருந்து வருகிறவர்கள் டெல்டா வழியாக 50-ஆம் எண் நெடுஞ்சாலையில் வருவார்கள். இந்த 50-க்கு நெவாடாவில் ‘அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை’ என்று பெயர். பெயருக்கேற்ற மாதிரி டெல்டாவைத் தாண்டினால் மாநில எல்லை வரை பெட்ரோலும் இல்லை, கழிவறையும் இல்லை. ஈலியிலோ டெல்டாவிலோ டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பேக்கரில் பம்ப் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி வர வேண்டாம். பால், ஐஸ், ரொட்டி, காய்ச்சல் மருந்து எல்லாவற்றுக்கும் ஈலி வழியாக வருகிறவர்களுக்குக் கடைசி நல்ல கடை ஈலியில்தான். அருகிலுள்ள மருத்துவமனையும் அங்கேதான், பூங்காவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல்.

கேம்ப்கிரவுண்டில் சிக்னல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வரைபடம், முன்பதிவுச் சீட்டு, குகை டிக்கெட் எல்லாவற்றையும் போனில் இறக்கி வையுங்கள். எங்கே தங்குகிறீர்கள், என்றைக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். அந்திக்கு மேல் சாலையில் மானும் மாடும் குறுக்கே வரும். அதோடு, இருட்டில் டென்ட் போடுவது தம்பதிகளுக்குள் தேவையில்லாத சண்டையை மூட்டும்.

இறங்கியதும்

ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேஜை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், டென்ட் போடச் சமதளம் இருக்கும். டென்ட் போடும் இடத்தில் முதலில் நீங்களே மல்லாந்து படுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு முதுகுக்குத் தெரியும். தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும். மேலே காய்ந்த கிளை தொங்கினால் இடத்தை மாற்றுங்கள். தரை கெட்டி; கடையில் டென்ட்டோடு தரும் மெல்லிய கம்பி ஆணி வளையும். நல்ல இரும்பு ஆணிகளும் சுத்தியலும் எடுத்துப் போங்கள். காற்று இல்லையே என்று ஆணி அடிக்காமல் விட்டுவிட்டுச் சுற்றப் போனால் திரும்பி வரும்போது டென்ட் பக்கத்துப் புதரில் இருக்கும்.

குழந்தைகளுக்கு அப்போதே எல்லை காட்டிவிடுங்கள்: இந்த மரம் வரை, அந்தக் கல் வரை, ஓடைப் பக்கம் பெரியவர் இல்லாமல் கூடாது. ஆளுக்கு ஒரு தலை டார்ச், கழுத்தில் ஒரு விசில். வழி தெரியாமல் போனால் அங்கேயே நின்று விசில் ஊத வேண்டும், நடக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். கீழ்ப்பகுதியில் விரியன் வகைப் பாம்பு உண்டு. பார்க்காமல் கல்லுக்கு அடியில் கைவிடக் கூடாது.

கழிவறையில் தண்ணீர் வராது. கீழே தொட்டி வைத்த உலர் கழிவறை. நம் பழக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பும் தண்ணீர் பாட்டிலும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துடைப்பானையும் டயப்பரையும் உள்ளே போடாதீர்கள். குளிக்க வசதி கிடையாது. இரண்டு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது, பாட்டி காதில் மட்டும் போட வேண்டாம்.

நெருப்பு மூட்டலாமா என்பது அந்த வாரத்து வறட்சியைப் பொறுத்தது. தடை இருந்தால் விறகு நெருப்பு கூடவே கூடாது. தடை இல்லாவிட்டால் அந்தப் பக்கமே விற்கும் விறகை வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் விறகில் மரத்தைத் தின்னும் பூச்சிகளும் சேர்ந்து வரும்.

இரண்டாம் நாள்: மேலேயும் கீழேயும்

காலையில் எல்லாருக்கும் தலைவலி இல்லை, பசிக்கிறது என்றால் மேலே போகலாம். வீலர் பீக் சாலை 12 மைல். காரிலேயே 10,000 அடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து ஸ்டெல்லா, தெரேசா என்ற இரண்டு ஏரிகளைச் சுற்றிவரும் பாதை சுமார் 2.7 மைல். ஆறேழு வயதுப் பிள்ளைகள் மெதுவாக நடந்துவிடுவார்கள். தள்ளுவண்டிக் குழந்தையும் தாத்தா பாட்டியும் இருந்தால் சாலை முடிவில் அரை மைலுக்கும் குறைவான ஒரு சமதளப் பாதை இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஏரியைவிடப் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களைப் பார்க்காமல் வரக் கூடாது. போக வர மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவு. முறுக்கிப் பிழிந்த மாதிரி நிற்கும் இந்த மரங்களில் சிலவற்றுக்கு மூவாயிரம் வயதுக்கு மேல். மரத்தின் ஒரு பக்கம் பட்டையே இல்லாமல் எலும்பு வெள்ளையாக இருக்கும், இன்னொரு பக்கம் விரல் அகலப் பட்டை மட்டும் மேலே ஏறி ஒரு கிளைக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். குளிரும் காற்றும் சத்தில்லாத மண்ணும்தான் இவற்றை மெதுவாக வளரவைத்து, கட்டையை இறுக்கி, பூச்சியும் பூஞ்சையும் தொடாமல் காக்கின்றன. 1964-இல், பூங்கா ஆவதற்கு முன்பு, ஆராய்ச்சிக்காக வனத்துறை அனுமதியோடு இங்கே ஒரு மரத்தை வெட்டினார்கள். எண்ணிப் பார்த்தபோது 4,800-க்கும் மேல் வளையங்கள். அதைவிட வயதான மரம் எதையும் அதுவரை யாரும் எண்ணியிருக்கவில்லை. பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, உதிர்ந்த கட்டையைக் கூட எடுக்கக் கூடாது என்று சொன்னால் கேட்பார்கள்.

நடக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். வெயில் சுடாவிட்டாலும் அந்த உயரத்தில் தோல் கறுத்து உரியும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். யாருக்காவது தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு தொடராதீர்கள், இறங்கிவிடுங்கள். மதியம் மேகம் கறுத்தாலும் அப்படியே.

மதியத்துக்கு லேமன் குகை சரியான இடம். 1885-இல் ஆப்சலம் லேமன் என்ற பண்ணைக்காரரால் வெளியுலகுக்குத் தெரியவந்தது. 1922-இலேயே தேசிய நினைவிடம் ஆக்கிவிட்டார்கள். ரேஞ்சரோடுதான் உள்ளே போக முடியும், டிக்கெட் கோடையில் தீர்ந்துவிடும், கேம்ப்கிரவுண்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். உள்ளே எப்போதும் 50 டிகிரி ஃபாரன்ஹீட், ஆகவே ஸ்வெட்டர். வேறு குகைக்குப் போட்டுப் போன செருப்பும் உடையும் வேண்டாம். வௌவால்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை அவற்றில் ஒட்டி வரும் என்பதால் வாசலில் கேட்பார்கள். எந்தச் சுற்றுக்கு எந்த வயது என்ற விதியையும் பார்த்துவிடுங்கள். சுண்ணாம்புப் பாறையில் இரண்டு தட்டுகளை ஒட்டவைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ‘கேடயங்கள்’ இந்தக் குகையின் விசேஷம்.

நேரத்தில் ஒரு குழப்பம் உண்டு. யூட்டா நேரம் நெவாடாவைவிட ஒரு மணி முன்னால். எல்லை பக்கத்திலேயே இருப்பதால் போன் சில சமயம் யூட்டா நேரத்துக்கு மாறிக்கொள்ளும்; உங்கள் போனில் ஒன்று, மனைவி போனில் ஒன்று. பூங்கா பசிபிக் நேரத்தில் நடக்கிறது. இரண்டு போனிலும் நேரத்தைக் கையால் பசிபிக்கில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் குகை வாசலில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும்.

விசிட்டர் சென்டரில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேளுங்கள். குழந்தைகள் அதிலுள்ள வேலைகளை முடித்துக் காட்டினால் உறுதிமொழி எடுக்கவைத்து பேட்ஜ் கொடுப்பார்கள்.

ராத்திரி வானம்

கோடையில் வாரத்தில் சில இரவுகள் ரேஞ்சர்களே தொலைநோக்கி வைத்துக் காட்டுவார்கள். அந்த நாள் அமையாவிட்டாலும் குறையில்லை. கேம்ப்பில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தால் கண் பழகிவிடும். அதற்குள் யாராவது போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்பு செலோபேன் தாள் கட்டுங்கள்; சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது.

தெற்கே தாழ்வாகச் சிவப்பாகத் தெரிவது கேட்டை. அதைச் சுற்றிப் பார்த்தால் விருச்சிகத்தின் கொடுக்கும் வாலும் புரியும். உச்சிக்குப் பக்கத்தில் வெள்ளையாக எரிவது அபிஜித், அதற்குத் தெற்கே பால்வீதியின் அக்கரையில் திருவோணம். மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிறத்தது சுவாதி. வடமேற்கே சப்தரிஷி. ஜாதகத்தில் மட்டும் கேள்விப்பட்ட பெயர்களை வானத்தில் காட்டினால் பிள்ளைகளுக்கு ஆச்சரியம், நம் நட்சத்திரம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இவ்வளவு தூரம் ஓட்டி வந்த பக்கத்து டென்ட்காரர் நம் பாட்டைக் கேட்க வரவில்லை. அந்த அமைதியில் சாதாரணப் பேச்சே நாலு டென்ட் தாண்டிக் கேட்கும்.

கிளம்பும் காலை

ஈரம் காய வெயில் வர வேண்டும், அதனால் முதலில் டிபன், கடைசியில் டென்ட். நெருப்பு மூட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லையென்றால்தான் கிளம்ப வேண்டும். குழந்தைகளை வரிசையாக நடக்கவிட்டுக் குப்பை பொறுக்கச் சொல்லுங்கள். ஆணிகளை எண்ணிப் பையில் போடுங்கள், எப்போதும் ஒன்று மண்ணில் தங்கிவிடும். எவ்வளவு காய்ந்ததாகத் தோன்றினாலும் வீட்டுக்கு வந்த அன்றே டென்ட்டை பால்கனியிலோ குளியலறைக் கம்பியிலோ விரித்துப் போட்டுவிடுங்கள். மடித்து வைத்த ஈரத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் துவைத்தாலும் போகாது.